46 வாக்கில் தோற்ற நாடு 143 வாக்கில் வென்றது: மாலைதீவிடம் நாம் படிக்க வேண்டியது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதும் வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.

ஐ.நா. என்று எழுதினாலே நம்மவர் பக்கங்களில் இரண்டு வகைக் கருத்துகள்தான் வரும். ஒன்று, "அது வல்லரசுகளின் கைப்பொம்மை, அதால யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்ல." மற்றது, முஸ்லிம் பெயருள்ள ஒருவர் அங்கே ஒரு பதவிக்கு வந்துவிட்டால், "மாஷா அல்லாஹ், நம்ம ஆள்!" இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது சோம்பேறித்தனம். இரண்டாவது வெறும் சந்தோஷம், அடுத்த நாளே மறந்து போகும். காரணத்தைச் சொல்வதற்கு நமக்குப் பக்கத்தில் இருக்கும் மாலைதீவையே எடுத்துக்கொள்கிறேன்.

மாலைதீவு என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மாசிக் கருவாடு. அடுத்தது அங்கே படிப்பிக்கப் போன நம்மூர் ஆசிரியர்கள், ஹோட்டல்களில் வேலை செய்யும் நம்மூர்ப் பிள்ளைகள். அந்த நாட்டின் சுதந்திர ஒப்பந்தம் கையெழுத்தானது கொழும்பில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1965 ஜூலை 26. அதே வருடம் செப்டெம்பரில் ஐ.நா.வில் சேர்ந்தார்கள். அப்போது முழு நாட்டின் சனத்தொகையே சுமார் ஒரு இலட்சம். "இவ்வளவு சின்ன நாடுகளுக்கெல்லாம் முழு உறுப்புரிமை தேவையா?" என்ற பேச்சு அந்தக் காலத்தில் ஐ.நா.வுக்குள்ளேயே எழுந்தது. 1969இல் இதை ஆராய்வதற்குப் பாதுகாப்புச் சபை ஒரு நிபுணர் குழுவையும் நியமித்தது.

அப்படிப் பேசப்பட்ட ஒரு நாட்டின் வெளிவிவகார அமைச்சர்தான் 2021 ஜூன் 7ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபையின் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். அப்துல்லா ஷாஹித். அளிக்கப்பட்ட 191 வாக்குகளில் அவருக்கு 143. எதிர்த்துப் போட்டியிட்டவருக்கு 48.

அன்று நம்மவர் பலரும் "முஸ்லிம் நாடு வென்றது" என்று பதிவு போட்டார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிர்த்துப் போட்டியிட்ட ஸல்மை ரசூல் ஆப்கானிஸ்தான்காரர், அவரும் முஸ்லிம். ஷாஹித்துக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் துருக்கிக்காரர். ஆகவே அது மதத்துக்குக் கிடைத்த வெற்றி அல்ல. எதற்குக் கிடைத்த வெற்றி என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

விடை தேட 1987க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஏப்ரலில் பெரிய அலைகள் வந்து தலைநகர் மாலேயின் ஒரு பகுதியை மூழ்கடித்தன. அதே வருடம் ஒக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூம் பொதுச்சபையில் ஏறி, கடல் மட்டம் உயர்ந்தால் எங்கள் நாடே இல்லாமல் போகும் என்று பேசினார். காலநிலை மாற்றம் என்ற சொல்லே சாதாரண மக்களுக்குத் தெரியாத காலம் அது. அந்த நாட்டின் நிலப்பரப்பில் 80 வீதத்துக்கும் மேல் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றருக்குக் குறைந்த உயரத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம், கையூம் ஒரு பேச்சோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1989 நவம்பரில் சிறிய நாடுகளை மாலேக்கு அழைத்துக் கடல்மட்ட உயர்வு பற்றி ஒரு மாநாடு நடத்தினார். அடுத்த வருடமே சிறிய தீவு நாடுகளின் கூட்டணி உருவானது. இன்று அதில் 39 உறுப்பினர்கள். கரீபியன், பசுபிக், இந்து சமுத்திரம் என்று எங்கெங்கோ இருக்கும் தீவுகள். ஒருவருக்கொருவர் மொழி வேறு, மதம் வேறு, நிறம் வேறு. பிரச்சினை ஒன்று. தனியாக நின்றால் ஒவ்வொன்றும் ஒரு வாக்கு. சேர்ந்து நின்றால் 193 நாடுகள் உள்ள சபையில் ஐந்தில் ஒரு பங்கு.

கையூம் 30 வருடம் ஆட்சியைப் பிடித்து வைத்திருந்தவர், எதிர்க் கருத்துச் சொன்னவர்களைச் சிறையில் போட்டவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மனிதரைப் புகழ்வது என் நோக்கமல்ல. அவர் எழுப்பிய கேள்வியை அவருக்குப் பின் வந்தவர்கள் கைவிடவில்லை என்பதுதான் முக்கியம்.

இடையில் நமது நாட்டோடு தொடர்புபட்ட ஒரு சம்பவமும் உண்டு. 1988 நவம்பர் 3ஆம் திகதி, மாலைதீவு வர்த்தகர் ஒருவரின் திட்டத்துக்காக, இலங்கையிலிருந்து படகில் போன புளொட் இயக்கத்தின் ஆயுததாரிகள் மாலேயைப் பிடிக்க முயன்றார்கள். இந்தியப் படை இரவோடு இரவாக வந்திறங்கி அதை முறியடித்தது. சில டசின் துப்பாக்கிகளால் ஒரு நாட்டையே கவிழ்க்கலாம் என்ற நிலை! மாலைதீவு என்ன செய்தது? பெரிய இராணுவம் கட்ட அதனால் முடியாது. அடுத்த வருடமே சிறிய நாடுகளின் பாதுகாப்புப் பற்றிய ஒரு பிரேரணையை ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேற்றிக்கொண்டது. தன் காயத்தைத் தன்னுடைய காயமாக மட்டும் சொல்லாமல், "இது எல்லாச் சின்ன நாடுகளுக்கும் நடக்கலாம்" என்று சொன்னது. இந்த வேலைமுறையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2008 மார்ச்சில் ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில், காலநிலை மாற்றம் ஒரு மனித உரிமைப் பிரச்சினையும்தான் என்று சொல்லும் முதலாவது பிரேரணை நிறைவேறியது. அதற்கு முன்னின்று உழைத்த நாடு மாலைதீவு. 2009 ஒக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி முஹம்மத் நஷீத் அமைச்சர்களோடு கடலுக்கடியில் இறங்கி அமைச்சரவைக் கூட்டம் நடத்திய படம் உலகம் முழுவதும் ஓடியது. ஜனாதிபதி மாறினார், கட்சி மாறியது, கேள்வி மாறவில்லை.

சரி, அப்படியென்றால் எல்லாம் வெற்றிதானா? இல்லை. 2018 ஜூன் 8ஆம் திகதி பாதுகாப்புச் சபையின் நிரந்தரமற்ற ஆசனத்துக்கு மாலைதீவு போட்டியிட்டது. எதிரில் இந்தோனேசியா. முடிவு 144க்கு 46. படுதோல்வி.

இந்தோனேசியா மிகப் பெரிய நாடு, நண்பர்கள் அதிகம், அது ஒரு காரணம்தான். வாக்கெடுப்பு இரகசியமானது என்பதால் யார் எதற்காக எப்படிப் போட்டார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அப்போது மாலைதீவு வீட்டுக்குள் எப்படி இருந்தது? 2016இல் பொதுநலவாய அமைப்பை விட்டு வெளியேறியிருந்தது. 2018 பெப்ரவரியில் ஜனாதிபதி யாமீன் அவசரகாலச் சட்டத்தைப் போட்டு, பிரதம நீதியரசரையே கைது செய்தார். முன்னாள் ஜனாதிபதி கையூமும் உள்ளே போனார். தன் நாட்டு நீதிமன்றத்தைப் பூட்டிவிட்டு, உலகத்தின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் சபையில் இடம் தாருங்கள் என்று கேட்டால் எத்தனை பேர் கை உயர்த்துவார்கள்?

அந்த வருடம் செப்டெம்பரில் மக்கள் வாக்குப் போட்டு ஆட்சியை மாற்றினார்கள். புதிய ஜனாதிபதி இப்ராஹீம் முஹம்மத் ஸாலிஹ். டிசம்பரிலேயே பொதுச்சபைத் தலைவர் பதவிக்கு ஷாஹித்தின் பெயரை அறிவித்தார்கள். தேர்தலுக்கு இரண்டரை வருடம் முன்பு! 2020 பெப்ரவரியில் பொதுநலவாயத்துக்குத் திரும்பினார்கள். இந்தியாவின் ஆதரவை வெளிப்படையாகப் பெற்றார்கள். ஆப்கானிஸ்தான் களத்தில் இறங்கியது 2021 தொடக்கத்தில்தான். அதற்குள் மாலைதீவு நாடு நாடாகப் பேசி முடித்திருந்தது. அதே நாடு, அதே கடல், அதே சனத்தொகை. மூன்று வருடத்தில் 46, 143 ஆனது.

இனி "கதிரை கிடைத்து என்ன நடந்தது?" என்ற கேள்வி. நியாயமான கேள்வி.

பொதுச்சபைத் தலைவருக்கு இராணுவம் இல்லை, காசு இல்லை, வீட்டோ இல்லை. பொதுச்சபையின் தீர்மானங்கள் பெரும்பாலும் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கசாவுக்கு யுத்தநிறுத்தம் வேண்டுமென்று 2023 டிசம்பர் 12ஆம் திகதி 153 நாடுகள் வாக்களித்தன. குண்டு நிற்கவில்லை. அதைப் பார்த்த மனசு "இந்தச் சபை எதுக்கு?" என்று கேட்பதில் தவறில்லை.

ஆனாலும் ஷாஹித்தின் அந்த ஒரு வருடத்தில் நடந்த இரண்டு விடயங்களைச் சொல்கிறேன்.

2022 ஏப்ரலில், பாதுகாப்புச் சபையில் யாராவது வீட்டோவைப் பாவித்தால் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. இதைக் கொண்டுவரப் பாடுபட்ட நாடு லிக்டன்ஸ்டைன். சனத்தொகை சுமார் நாற்பதாயிரம்தான். நம்மூர் ஒரு பிரதேச சபைப் பிரிவின் அளவு! வீட்டோவை ஒழிக்க அவர்களால் முடியாது. ஆனால் வீட்டோ போட்டவர் உலகத்தின் முன் வந்து காரணம் கேட்கப்படும் நிலையை உண்டாக்க முடிந்தது.

அடுத்தது, 2022 ஜூலை 28ஆம் திகதி, சுத்தமான ஆரோக்கியமான சுற்றாடல் மனித உரிமை என்று பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. 161 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 8 நாடுகள் ஒதுங்கி நின்றன. அதைக் கொண்டுவந்த ஐந்து நாடுகளில் மாலைதீவும் ஒன்று. மற்றவை கொஸ்தாரிக்கா, மொரோக்கோ, ஸ்லோவேனியா, சுவிற்சர்லாந்து. அந்த அமர்வுக்குத் தலைமைக் கதிரையில் இருந்ததும் மாலைதீவுக்காரர். 2008இல் ஜெனீவாவில் போட்ட விதை, 14 வருடத்தில் நியூயோர்க்கில் காய்த்தது. கதிரைக்காகக் கேள்வியை அவர்கள் உருவாக்கவில்லை. கேள்வி முதலில் இருந்தது, கதிரை பிறகு வந்தது.

நமது நாட்டுக்கும் இது புதிதல்ல. 1976இல் இலங்கையின் ஷேர்லி அமரசிங்க அதே பதவியில் இருந்தார். கடல் சட்ட மாநாட்டுக்கும் தலைமை தாங்கி, 1980இல் இறக்கும்வரை அந்த வேலையைச் செய்தார். 1982இல் வந்த கடல் சட்டச் சமவாயத்தில் அவருடைய உழைப்பு இருக்கிறது.

இதையெல்லாம் நான் ஏன் நம் மக்களுக்கு எழுதுகிறேன்? ஏனென்றால் ஐ.நா. வாக்கு நம் வீட்டுக் கதவைத் தட்டிய நாட்களை நாம் கண்டிருக்கிறோம்.

ஜனாஸா எரிப்பு. கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியிருந்தும்தான். டிசம்பரில் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. இருபது நாள் பாலகனின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கட்டியவர்களில் சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர் எல்லோரும் இருந்தார்கள்.

அந்த டிசம்பர் 14ஆம் திகதிதான் இதே அப்துல்லா ஷாஹித், வெளிவிவகார அமைச்சராக, நமது ஜனாதிபதியின் வேண்டுகோளின்படி இலங்கை முஸ்லிம்களின் ஜனாஸாக்களை மாலைதீவில் அடக்குவது பற்றி ஆலோசிக்கப்படுகிறது என்று டுவிட்டரில் போட்டார். அவர் உதவியாக நினைத்திருக்கலாம். நமக்கு அது நெஞ்சில் விழுந்த அடி. பிறந்த மண்ணில் ஆறடி இல்லையா?

அப்போது அதற்கு எதிராகக் குரல் கொடுத்தவரும் ஒரு மாலைதீவுக்காரரே. அஹ்மத் ஷஹீத். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வேறு ஆள். அவரும் முன்னாள் வெளிவிவகார அமைச்சர், அந்த நேரம் மத சுதந்திரத்துக்கான ஐ.நா. விசேட அறிக்கையாளர். இந்த வேண்டுகோள் இலங்கை முஸ்லிம்களிடமிருந்து வந்ததாகத் தெரியவில்லை, இது அவர்களை இன்னும் ஓரங்கட்டும் என்று சொன்னார். 2021 ஜனவரியில் அவரும் இன்னும் மூன்று ஐ.நா. நிபுணர்களும் சேர்ந்து கட்டாய எரிப்பை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டார்கள். அதற்கு முன்பே நம் நாட்டு வைத்தியர் சங்கங்கள் அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று எழுத்தில் கொடுத்திருந்தன. பெப்ரவரி இறுதியில் ஜெனீவாக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே வர்த்தமானி மாறியது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது.

அதன் பிறகு மார்ச் 23ஆம் திகதி இலங்கை பற்றிய பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. அது முஸ்லிம்களைப் பற்றி மட்டும் அல்ல, யுத்தக் காலப் பொறுப்புக்கூறல் முதல் பல விடயங்கள் அதில் இருந்தன. ஆனால் ஜனாஸா எரிப்புப் பற்றிய கவலையும் அதில் எழுத்தில் இருந்தது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, ஒதுங்கியவர்கள் 14. எதிர்த்தவர்களில் பாகிஸ்தான், பங்களாதேஷ், சோமாலியா, உஸ்பெகிஸ்தான். ஒதுங்கியவர்களில் இந்தோனேசியா, பஹ்ரைன், லிபியா. ஆதரித்தவர்களில் பிஜி, மார்ஷல் தீவுகள், பஹாமாஸ்!

நாடுகளுக்கு ஆயிரம் கணக்குகள் உண்டு. யாரையும் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. முஸ்லிம் நாடுகளும் நமக்காகப் பேசின, அதை மறுக்கவில்லை. ஆனால் "நம்ம ஆக்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சும்மா இருக்க முடியாது என்பது அந்த வாக்குப் பட்டியலிலேயே எழுதியிருக்கிறது. நம்மோடு ஒரு தொடர்பும் இல்லாத தீவுக்காரன் கை உயர்த்தியது, யாரோ சிலர் உட்கார்ந்து விடயத்தை ஒழுங்காக எழுதி, ஆதாரத்தோடு, அவனுக்கு விளங்கும் மொழியில் மேசைக்குக் கொண்டுபோனதால்தான். அந்த வேலையைச் செய்த சட்டத்தரணிகள், வைத்தியர்கள், எழுத்தாளர்கள் சொற்பம் பேர். முகநூலில் கோபப்பட்டவர்கள் இலட்சக்கணக்கில்.

இனி நம்ம பக்கத்துக்கு வருகிறேன்.

நம் ஊர்களில் ஒரு சம்மேளனம், ஒரு சங்கம், ஒரு நிர்வாக சபை தெரிவு என்றால் நடப்பது என்ன? தலைவர் யார், செயலாளர் யார், மேடையில் முன்வரிசைக் கதிரை யாருக்கு. இதற்காக ஊர் இரண்டாகும். எந்தக் கேள்விக்காக அந்தக் கதிரை என்று யாரும் கேட்பதில்லை. 2018 மாலைதீவைப்போல வீட்டுக்குள்ளே நீதி இல்லாமல், வெளியே போய் "எங்களுக்கு நீதி தாருங்கள்" என்று கேட்கிறோம்.

கடலைப் பற்றியே பேசுவோம். ஒலுவில் துறைமுகம் வந்த பிறகு அந்தக் கரையோரத்தில் நடந்த கடலரிப்பு நம் எல்லோருக்கும் தெரியும். தென்னந்தோட்டம் போனது, தோணி இழுத்து வைக்க இடம் இல்லாமல் போனது. ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் பேசப்பட்டது. ஆனால் எந்த வருடம் எத்தனை மீற்றர் போனது, யாருடைய காணி போனது, யாருக்கு நட்டஈடு கிடைத்தது என்பதைத் திகதி போட்ட படங்களோடு ஊர் மக்களே சேர்த்து வைத்த ஒரு கோவையை, மூன்று மொழியிலும், யாராவது கேட்டால் அந்த நிமிடமே எடுத்துக் கொடுக்க நம்மிடம் இருக்கிறதா? கையூமிடம் 1987இல் இருந்தது வெறும் கண்ணீர் அல்ல, விபரம்.

ஆசிரியராக இருந்து நான் பார்ப்பது இதுதான். நம் பிள்ளைகளில் பேச்சுப் போட்டிக்கு ஆள் குறைவில்லை. மேடையில் ஏறினால் மைக் அதிரும். ஆனால் ஒரு பிரச்சினையை இரண்டு பக்கத்தில், கோபப்படாமல், ஆதாரத்தோடு, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடு என்றால் உயர்தர வகுப்பிலேயே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. வைத்தியர், பொறியியலாளர் ஆகச் சொல்லிப் பிள்ளையை விரட்டும் நாம், இராஜதந்திர சேவைக்கோ சர்வதேச சட்டத்துக்கோ போ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்?

எனவே மூன்று விடயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு ஊரும் ஒரு கேள்வியைத் தெரிவு செய்யட்டும். கடலரிப்பாக இருக்கலாம், காணியாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம். நிர்வாகம் மாறினாலும் கேள்வி மாறக்கூடாது. கோவை அடுத்த நிர்வாகத்தின் கைக்குப் போக வேண்டும், பழைய செயலாளரின் அலுமாரியில் கிடக்கக்கூடாது.

இரண்டு, அதே பிரச்சினை உள்ள பக்கத்துத் தமிழ் ஊரையும் சிங்கள ஊரையும் தேடிப் போங்கள். கடல் அரிக்கும்போது யாருடைய கரை என்று பார்ப்பதில்லை. மாலைதீவு தன் மதத்தவரை மட்டும் கூட்டியிருந்தால் அதற்கு 39 நாடுகள் கிடைத்திருக்காது.

மூன்று, பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பள்ளிவாசல்களும் சேர்ந்து, வாரத்தில் இரண்டு மணி நேரம், மும்மொழியில் எழுதப் பழக்கும் ஒரு வகுப்பை ஆரம்பிக்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். செலவு பெரிதாக இல்லை. படிப்பிக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என் பெயரை முதலாவதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாலைதீவின் கடல் இன்னும் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 143 வாக்கு ஓர் அங்குலத் தண்ணீரையும் இறக்கவில்லை. ஆனால் காலநிலை இழப்புக்கு நிதியம் வேண்டும் என்று அந்தத் தீவுக் கூட்டணி 1991இல் கேட்கத் தொடங்கியது. உலகம் சம்மதித்தது 2022 நவம்பரில், எகிப்தில் நடந்த மாநாட்டில். முப்பத்தொரு வருடம். கேட்கத் தொடங்கியவர்களில் பலர் அதைக் காண உயிரோடு இல்லை. நாம் தொடங்கினால் நமக்கும் அவ்வளவு காலம் பிடிக்கலாம். அதனால்தான் இன்றைக்கே தொடங்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் ஊரின் அந்த ஒரு கேள்வி எது? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அரசியல்வாதிகளைத் திட்டும் கருத்துகளை அழித்துவிடுவேன், ஊர்ப் பெயரும் விபரமும் உள்ள கருத்துகளைச் சேர்த்து வைப்பேன், இன்ஷா அல்லாஹ்.